ஒற்றைக் காதில் ஒரு பாட்டு

எனக்கு 46 வயது. தமிழ் இலக்கிய மரபு என் வயதுப் பெண்ணின் ஆசைக்குப் பெயர் வைக்கவில்லை. உலா நூல்களில் தலைவன் வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பார்கள், பார்த்து மயங்குவார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்களின் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், பேதையை 5 வயதில் தொடங்கிப் பேரிளம்பெண்ணை 40இல் முடித்துவிடுவதுதான் நாம் வகுப்பில் சொல்லும் வரிசை. 40க்கு மேல் அந்த வீதியில் யாரும் நிற்பதில்லை. உள்ளே உலை வைத்துக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் சிற்றிலக்கியம் நடத்தும்போது இந்த வயதுப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் உடனே அவரவர் வயதைத் தேடுவார்கள். “நாங்க மடந்தை!” என்று ஒரு கூச்சல். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, “மேடம், நீங்க?” என்பாள். “எனக்குப் பட்டியல் முடிஞ்சிருச்சும்மா” என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு 5 வயதுக் குழந்தையை எதற்கு அந்த வீதியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று யாராவது கேட்பார்கள், வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறைச் சோழர்களுக்கு உலாப் பாடினார். அந்தப் பெண்களின் வளை கழல்வதும் மேனி பசப்பதும் அவர்களுடைய கதைக்காக இல்லை. எத்தனை பெண்கள் மயங்கினார்கள் என்பது எத்தனை யானைகள், எத்தனை நாடுகள் என்பதைப் போன்ற ஒரு கணக்கு. ஆணின் புகழேட்டில் ஒரு வரவு. இன்றைக்கு ஒரு பாடலை எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று நட்சத்திரங்களின் ரசிகர்கள் சண்டை போடுகிறார்களே, அதுவும் இந்தப் பரம்பரைதான்.

நான் யோசிக்க விரும்புவது வேறொன்றை. ஒரு பெண் எதையோ விரும்பிக் கேட்கிறாள், யாரையோ திரையில் பார்த்துக் கிறங்குகிறாள், ஒரு கதைப்புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிறாள். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அவள் அறிவு வளரவில்லை, குடும்பம் செழிக்கவில்லை, சமூகம் முன்னேறவில்லை. அந்த மகிழ்ச்சிக்காக அவள் யாரிடமாவது கணக்கு ஒப்பிக்க வேண்டுமா? பெண்ணியம் பேசுகிறவள் என்றால் கூடுதலாக ஒரு கணக்கு உண்டா?

உலாவின் பெண்களைப் போல இல்லாமல், தன் வாயால் பேசிய ஒருத்தி உண்டு. புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்களைப் பாடிய நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கன் மகள் என்று அப்பாவோடு சேர்த்துத்தான் ஏடு அவரை நமக்குத் தருகிறது. அவர் மனம் போனது சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளியின்மீது. அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். அந்தப் போரைச் சாத்தந்தையார் தனியாகப் பாடியிருக்கிறார். இன்றைய பேச்சில் சொன்னால், ஊரே பார்க்கக் கூடிய விளையாட்டு வீரன். நக்கண்ணையார் முதல் பாட்டில் தாய்க்கு அஞ்சுகிறார், ஊர் அவைக்கும் அஞ்சுகிறார். தான் இருபக்கமும் இழுபட்டுத் தவிப்பதுபோல இந்த ஊரும் தவிக்கட்டும் என்கிறார். அடுத்ததில், அவன் உண்பது வெறும் கூழ், அப்படியும் அந்தத் தோள் எப்படி என்ற வியப்பு. மூன்றாவது பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. அவன் வெளியூர்க்காரன். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு பக்கம், இல்லை என்கிறது இன்னொரு பக்கம். இவர் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டின் முன்னால் நிற்கும் பனைமரத்தில் சாய்ந்துகொண்டு, அவன் வெல்வதைத் தன் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

போட்டி நடக்கும் இடத்துக்கு அவர் போகவில்லை. பனைமரம் வரைதான். வீட்டுக்குள்ளும் இல்லாமல் கூட்டத்துக்குள்ளும் இல்லாமல், சாய்ந்துகொள்ள ஒரு மரம். பின்னாளில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், பேருந்தின் சன்னலோரம், அடுப்பங்கரை ரேடியோ, போர்வைக்குள் அலைபேசி என்று பெண்கள் தேடிக்கொண்டதெல்லாம் அந்தப் பனைமரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

தொகுத்தவர்கள் இந்தப் பாடல்களுக்குக் கொடுத்த துறை பழிச்சுதல். போற்றிப் புகழ்தல் என்று பொருள். ஒரு பெண் தன் உடல் படும் பாட்டைச் சொன்னாலும் அது அரசனின் புகழ்க்கணக்கில் ஏறிவிடுகிறது. திணை, கைக்கிளை. தொல்காப்பியர் அகத்திணையில் கைக்கிளைக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் பேசுகிறவன் ஆண். காமம் அறியாத இளம்பெண்ணிடம் தானாகப் பேசி, மறுமொழி வராமலே இன்புறுகிறவன். பெண்ணின் ஒருதலை விருப்பத்துக்கு அந்த நூற்பாவில் இடமில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கை என்றால் சிறுமை, கிளை என்றால் உறவு. சிறிய உறவு. மாணவி ஒருத்தி, “அப்ப க்ரஷ்ஷுக்குத் தமிழ்ல கைக்கிளைன்னு சொல்லலாமா மேடம்?” என்று கேட்டாள். தேர்வில் எழுதிவிடாதே என்றேன். அவள் சொன்னது சரியென்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். பதில் வேண்டாத, திருமணம் வேண்டாத, எதிராளிக்குத் தெரியவே வேண்டாத சிறிய உறவு. (ஆண்டாளை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் விரும்பியது கடவுளை. கடவுள் என்றவுடன் நம் ஊரில் எந்த ஆசைக்கும் அனுமதிச்சீட்டு கிடைத்துவிடும்.)

1992 ஆகஸ்டில் ரோஜா வெளியானபோது எனக்கு 13. உலாக் கணக்கில் மங்கை. எங்கள் ஊரில் கேசட் கடைக்காரரிடம் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். பெண்பிள்ளை கடைக்குப் போய்ச் சீட்டை நீட்டக் கூடாது. அண்ணன்தான் போவான். போகிற வழியில் என் பட்டியலில் இரண்டு பாட்டை அடித்துவிட்டுத் தனக்குப் பிடித்த இரண்டை எழுதிவிடுவான். அது ஒரு வரி. என் மகிழ்ச்சிக்கு நான் கட்டிய முதல் வரி. அப்படியும் அந்தக் கேசட் தேயத் தேய ஓடியது. அதுவரை கேட்ட எதனோடும் சேராத ஒரு சத்தம் அதில் இருந்தது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல. புதிய இசை என்றால் என்ன என்று எனக்கு யாரும் வரையறை சொல்லித் தரவில்லை. தோளுக்குப் பின்னால் மயிர் சிலிர்த்தது, அவ்வளவுதான்.

கூடவே அரவிந்த்சாமி. பையன்களுக்கு அப்போது ‘சைட் அடிப்பது’, ‘ஜொள்ளு விடுவது’ என்று வினைச்சொற்களே இருந்தன. எங்களுக்கு இருந்தது ஒரு அரை வாக்கியம்: “நல்லா இருக்கான்ல?” அதையும் குடிதண்ணீர்க் குழாயடியில், குடம் நிரம்பும் சத்தத்துக்குள் சொல்ல வேண்டும். பெரியவர்கள் காதில் விழுந்தால், “ஆமா, இவளுக்கு அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை வருவான்” என்பார்கள். அந்தப் பெயர் ஒரு தலைமுறைக்கே அளவுகோலாகிப் போனது. பையன்களை மட்டம் தட்டவும் அதுதான்: “நீ என்ன பெரிய அரவிந்த்சாமியா?” என்ன அளந்தார்கள் அதனால்? முக்கியமாக நிறத்தை. வெயிலில் கறுத்த ஊரில், கறுத்த பிள்ளைகளான நாங்கள், ஒரு வெள்ளைத்தோல்காரனை நினைத்து உருகினோம். எங்கள் அப்பா, அண்ணன், தெருவில் போகிற யாரையும்போல அவன் இல்லை என்பதே அழகாகத் தெரிந்தது. எங்கள் கனவுக்கு வெள்ளையடித்தது யார்? வெள்ளை என்றால் நல்லவன், படித்தவன், மேலானவன், கறுப்பு என்றால் அடியாள் என்று காட்டிக்காட்டிப் பழக்கிய சினிமாவா, அதற்கும் முன்பே பழக்கிவைத்த சாதியா? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை. ஆனால் இதைக் கேட்பதால் குழாயடியில் நின்ற அந்த 13 வயதுக்காரியின் நெஞ்சு படபடத்தது பொய்யாகிவிடாது.

2024இல் மெய்யழகன் பார்க்கப் போனேன். விட்டுப்போன ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி, தன்மேல் அன்பைக் கொட்டுகிற உறவுக்காரனின் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கிற மனிதராக அரவிந்த்சாமி. 54 வயது. முகத்தில் வயது தெரிகிறது, களைப்பும் கூச்சமும் தெரிகின்றன. பக்கத்து இருக்கையில் என் கல்லூரித் தோழி. அவளுக்கும் என் வயது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, “நல்லா இருக்கார்ல?” என்றோம். 32 வருடத்தில் ‘ன்’ போய் ‘ர்’ வந்திருக்கிறது.

இப்போது என் மாணவிகளின் காலம். ஒருத்தி அலைபேசி உறைக்குள் பிடிஎஸ் குழுவின் ஜிமின் படத்தை வைத்திருக்கிறாள். கொரிய எழுத்துகளைத் தானாகவே கற்றுக்கொண்டு, அவற்றில் எங்கள் துறை ஆசிரியர்களின் பெயர்களையெல்லாம் எழுதிக் காட்டினாள். ஒரு சக ஆசிரியர், ஆண், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இவனுங்கள்ல யாரு ஆம்பளை, யாரு பொம்பளை?” என்றார். இந்த நக்கலை நான் குறைந்தது இருபது பேரிடம் கேட்டிருப்பேன். உதட்டில் சாயம் பூசிய, அழத் தெரிந்த, ஒருவன் அழுதால் இன்னொருவன் கட்டிக்கொள்கிற ஏழு இளைஞர்களை நம் பிள்ளைகள் விரும்புவது இவர்களை ஏன் இவ்வளவு உறுத்துகிறது? “இவங்களைப் பார்த்தா பயமா இல்ல மேடம்” என்றாள் அந்தப் பெண். மீசை முறுக்கிய நாயகனைப் பார்த்தால் பயம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரே இசைத்தொகுப்பைப் பல அட்டைகளில், உள்ளே வெவ்வேறு படங்களை வைத்து, திரும்பத் திரும்ப வாங்கவைக்கிற வியாபாரம் அதற்குள் இருப்பது அவளுக்கும் தெரியும். அவளிடம் காசில்லாததால் அந்த விஷயத்தில் தப்பித்துக்கொண்டாள்.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமிகள் மூவர், பிடிஎஸ் குழுவைப் பார்ப்பதற்காகக் கொரியாவுக்குப் புறப்பட்டு வீட்டைவிட்டுப் போனார்கள். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது திட்டம். கையில் சுமார் 14,000 ரூபாய். சென்னை வரை போய்விட்டுத் திரும்புகையில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். பத்திரமாக வீடு திரும்பினார்கள் என்பதில் எனக்கிருக்கும் நிம்மதியைச் சொல்லிவிடுகிறேன். நானும் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்தான். ஆனால் அந்தச் செய்தியைச் சுற்றி எழுந்த பேச்சு வேறு. அலைபேசியைப் பிடுங்க வேண்டும், கொரியப் பாட்டைத் தடைசெய்ய வேண்டும், பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 2023 ஜனவரியில், துணிவு படம் வெளியான நாளில் சென்னையில் கொண்டாட்டத்தின்போது ஓர் இளைஞர் நகரும் லாரியிலிருந்து குதித்து உயிரிழந்தார். உயிரே போன பிறகும் பையன்களைத் தியேட்டருக்கு விடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பையன்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றலாம், ஒலிபெருக்கி வைக்கலாம், சாலையை மறிக்கலாம். அது ரசிகர் மன்றம், நாளைக்கு அதுவே அரசியல். பெண்பிள்ளை வரைபடத்தை விரித்துவைத்து விசாகப்பட்டினத்தைத் தேடினால் அது நோய்.

கப்பல் என்று எப்படி முடிவுசெய்தார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்து, கடலைத் தாண்டக் கணக்குப் போட்டிருக்கின்றன. புவியியல் பாடத்துக்கு அப்படி ஒரு மதிப்பை அவர்கள் ஆசிரியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மகிழ்ச்சிக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. உவகை, களிப்பு, துய்ப்பு, இன்பம். வீட்டுப் பேச்சில் புழங்குவது அனுபவித்தல். அந்த ஒரு சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? “ஆண்டு அனுபவிச்ச மனுஷன்” என்றால் நன்றாக வாழ்ந்தவர். கிரயப் பத்திரத்திலும் அப்படித்தான், வாங்கியவர் நிலத்தை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. “அவ ரொம்ப அனுபவிச்சுட்டா” என்றால் பெருந்துன்பம் பட்டவள். ஒரே வினைச்சொல். அவருக்கு நிலம், அவளுக்கு வேதனை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அது அல்லல் நீங்கிய உவகை என்றும் சேர்த்துக்கொள்கிறார். நான்காவதாக அவர் சொன்ன விளையாட்டு, நம் பெண்களுக்கு வயதுக்கு வந்த அன்றோடு நின்றுபோகிறது. பாண்டிக்கட்டம் போட்ட தரையில் மறுநாள் அவள் கோலம் போடுகிறாள். கோலமும் அழகுதான், ஆனால் அதைப் போடாமல் இருக்க முடியாது.

2019இல் நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விவரம் சொல்கிறது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு, அந்த வேலையைச் செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். செய்யாத ஆண்கள் அந்தச் சராசரியில் வரவே மாட்டார்கள், அவர்கள்தான் பெரும்பான்மை. இந்த 299க்குள் இன்னொன்று இருக்கிறது, அதை எந்தப் படிவத்திலும் குறிக்க இடமிருக்காது. அது அந்த நேரம் முழுக்கக் காதைத் திறந்துவைத்திருப்பது.

பெண்கள் பாட்டுக் கேட்பதைப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகியிருப்பார்கள். இன்னொரு காது குக்கர் விசிலுக்கு, அழைப்பு மணிக்கு, மாமியாரின் கூப்பிடலுக்கு, குழந்தையின் அழுகைக்கு. என் தங்கை, என் தோழிகள், கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா, எல்லோரும் இப்படித்தான். ரோஜாவிலிருந்து இன்றுவரை தமிழ்த் திரையிசையில் எத்தனையோ நுட்பங்கள் வந்துவிட்டன. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் குரல் நகரும், பின்னால் மழை பெய்யும். அந்த இன்னொரு பாதியைப் பல பெண்கள் கேட்டதே இல்லை. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள்? “கூப்பிட்டது காதுல விழல, மகாராணி பாட்டுக் கேக்குறா.” நம் வீடுகளில் மகாராணி என்பது வசைச்சொல்.

2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாலை நேரப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிற பெண்களை அதற்குப் பிறகு அதிகமாகப் பார்க்கிறேன். அவர்களைப் பார்த்து, “ஓசி டிக்கெட்டு, ஊர் சுத்துதுக” என்று முணுமுணுக்கிறவர்களையும் பார்க்கிறேன். வேலைக்குப் போனால் சரி, மருத்துவமனைக்குப் போனால் சரி, சும்மா போகலாமா? சும்மா என்பது இந்த மொழியின் அழகான சொற்களில் ஒன்று. சித்தர்களும் ஞானிகளும் சும்மா இருப்பதைத் தவம் என்றார்கள். பெண் சும்மா இருந்தால் சோம்பேறி.

என் அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவள். வார இதழ்களில் வரும் தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டிப் புத்தகமாக்கி வைத்திருப்பாள். பேருந்து நிலையத்தை ஒட்டி வாடகை நூலகம் ஒன்று வந்த பிறகு ரமணிசந்திரன். ஒரு நாவலை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி, மறுநாள் மூன்று மணிக்குள் முடித்துத் திருப்பிவிடுவாள். கூடுதல் நாளுக்குக் கூடுதல் வாடகை. நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், இலக்கியக் கூட்டங்களில் ‘ரமணிசந்திரன் வாசகி’ என்றால் ஒரு சிரிப்பு எழும். சிரித்தவர்களில் பலர் தங்கள் இளமையில் துப்பறியும் நாவல்களை ஒரே மூச்சில் விழுங்கியவர்கள். அதைப் பெருமையாகக் கட்டுரையும் எழுதியவர்கள். பையன் படித்த குப்பை பால்யகால நினைவு. பெண் படித்த குப்பை வெறும் குப்பை.

இந்தச் சிரிப்புக்கு நூறு வயது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று எப்படியெல்லாம் அஞ்சினார்கள் என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாகக் காட்டுகிறார். அந்த அச்சத்துக்கு நடுவில்தான் வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார். ஐந்து வயதில் திருமணமான அவர், சரளமாக எழுதக் கைவராத காலத்தில், தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்ததுதான் அவருடைய முதல் நூலான ‘இந்திர மோகனா’ நாடகம். இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது ஒரு வரி அல்லது இரண்டு. அவற்றைப் படித்த பெண்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

அம்மா படித்த நாவல்களில் நாயகன் பணக்காரன், கோபக்காரன், கடைசியில் இளகுகிறவன். ஆணாதிக்கத்தைக் காதல் என்று விற்கும் கதைகள் என்று என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். வகுப்பில் பேசியும் இருக்கிறேன். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், “இவன் இவ்வளவு திட்டுறானே, உனக்குக் கோபம் வரலையா?” அம்மா சொன்னாள்: “கடைசிப் பக்கத்துல மன்னிப்புக் கேப்பான்ல. அதுக்குத்தான் படிக்கிறது.” என் அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் பேசும் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தப் பதிலுக்கு இடமிருந்ததில்லை. இப்போது இதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கடினமான இடம் ஒன்று மீதியிருக்கிறது. நம்மை இழிவு செய்வதை நாம் ரசிக்கும்போது என்ன செய்வது? 2011க்குப் பிறகு ‘சூப் சாங்’ என்று ஒரு வகையே உருவானது. காதலித்து ஏமாந்த பையன், பெண்ணினத்தையே திட்டிப் பாடும் பாட்டு. எங்கள் விடுதி நாள் விழாவில் அப்படி ஒரு பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். மறுநாள் வகுப்பில் கேட்டேன். “பீட் வந்ததும் கால் ஆடிருது மேடம். மூளை அப்புறமாத்தான் வருது” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவளை மறித்தாள்: “எனக்கு ஆடவே முடியல. அந்த வரி வரும்போது அவனோட முகம் ஞாபகம் வந்துச்சு.” யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை. முதலாமவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விழாவில் அந்தப் பாட்டு இல்லை. நான் தடுக்கவில்லை, எந்தக் குழுவும் தீர்மானம் போடவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

2018இல் தமிழ்த் திரையிசை உலகத்திலும் பெண்கள் வாய் திறந்து, தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அதன்பிறகு எனக்குப் பிடித்த சில பாட்டுகளை நான் கேட்பதில்லை. கொள்கை முடிவெல்லாம் இல்லை. அந்த வரிகளில் வரும் பெண்ணை யார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு குறுக்கே வந்துவிடுகிறது. மெய்யழகனுக்கு என்னோடு வந்த தோழி இன்றும் அவற்றைக் கேட்கிறாள். “பாடினது ஒரு பொம்பளை. அவ தொண்டையிலேருந்து வந்த பாட்டை நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?” என்கிறாள். அவள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. என் காதுக்கும் அது எட்டவில்லை. இருவரும் ஒரே காரில் போகும்போது அந்தப் பாட்டு வந்தால் அவள் மாற்றிவிடுவாள்; நான் தூங்கிவிட்டால் கேட்டுக்கொள்வாள்.

தொல்காப்பியர் அல்லல் நீங்கிய உவகை என்றாரே, அதை நான் இந்த இடத்தில்தான் பொருத்திப் பார்க்கிறேன். என் மகிழ்ச்சிக்குள் யாருடைய அல்லலாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடலாம், தேட வேண்டும். ஆனால் தேடுவதும் கணக்குக் கேட்பதும் ஒன்றல்ல. அந்த மாணவி ஆடமுடியாமல் நின்றது தேடல். அலைபேசியைப் பிடுங்கச் சொன்னது கணக்கு. பெண்ணியத்தின் பெயரால், ‘இதையா ரசிக்கிறாய்?’ என்று புருவம் உயர்த்துவதும் பல சமயம் கணக்குக் கேட்கிற வேலைதான். அந்தப் புருவத்துக்கு அப்பாவின் சாயல் இருக்கிறது. அன்றாடம் 299 நிமிடம் பிறருக்காகச் செலவழிப்பவளிடம், மீதமிருக்கும் அரை மணி நேரத்தையும் விடுதலைக்காகச் செலவழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அதை ஒரு மோசமான நாவலுக்குச் செலவழிக்கட்டும். இல்லை, நல்ல நாவல் ஒன்றை நானும் சொல்வேன், அம்பையைக் கொடுப்பேன், ஆர். சூடாமணியைக் கொடுப்பேன், அது எனக்குப் பிடித்ததை இன்னொருத்தியோடு பங்குபோடும் ஆசை. வாங்காவிட்டால் வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

அம்மாவுக்கு இப்போது 72. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அச்செழுத்து சலித்துவிட்டது. என் பழைய அலைபேசியில் தமிழ்க் குரல் கொடுத்த கொரியத் தொடர் பார்க்கிறாள். என் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. நாயகன் பெயர் அம்மா வாயில் நுழையவில்லை. “அந்தக் குடைக்காரப் பையன்” என்கிறாள். எட்டரை மணிக்கு அம்மாவின் அறைக்குள் எட்டிப்பார்த்து, “தோசைக்குச் சட்னி அரைக்கலையா?” என்றேன். இரண்டு காதிலும் மாட்டியிருந்தாள். தோளைத் தொட்டதும் ஒரு பக்கத்தைக் கழற்றி, “நீ அரை, எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்றாள். தேங்காயைச் சில்லு போட்டு, மிளகாயும் பொட்டுக்கடலையும் சேர்த்து மிக்ஸியை ஓட்டினேன். சத்தம் தாங்காமல் அம்மா எழுந்துவந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.